பகல் முழுக்க ஓடும் பெட்டி

கருங்கல் ஓடை பாயும் காட்டில் கெளுத்தி என்றொரு நீர்நாய் தன் ஒரே மகள் அயிரையோடு குடியிருந்தாள். மீன் பிடிப்பதில் கெளுத்தியை மிஞ்ச அந்த ஓடையில் ஆள் கிடையாது. கோபப்படுவதிலும் கிடையாது.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கரையிலிருந்த பாறை ஒன்று சரிந்து அயிரையின் பின்னங்காலில் விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது. கெளுத்தி காலை நேராக நீட்டி, மூங்கில் பத்தை வைத்து, நாரால் கட்டினாள்.

"மழை ஓயுற வரைக்கும் வளையை விட்டு அசையக் கூடாது, தெரியுதா?"

அயிரை தலையாட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வருகிறவள் அவள். இப்போது வெளியே மற்றக் குட்டிகள் தண்ணீரில் குதிக்கும் சத்தம் கேட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுதாலாவது தேவலை. அழவும் இல்லை. அதைத்தான் தாயால் தாங்க முடியவில்லை.

காட்டின் நடுவே தட்டைப் பாறை ஒன்று உண்டு. அங்கேதான் மினுக்கன் என்ற மரநாய் கடை போட்டிருந்தான். மலையடிவாரத்து ஊர்களில் கூரைக்குக் கூரை தாவிப் பழகியவன். ஊர்ச் சாமான்களைக் கொண்டுவந்து காட்டில் விற்பான். அந்த முறை அவன் கொண்டுவந்தது விளையாட்டுப் பெட்டிகள்.

கையடக்கமான பெட்டி. நடுவில் கண்ணாடி. இரண்டு பக்கமும் பொத்தான்கள். பொத்தானை அழுத்தினால் கண்ணாடிக்குள் ஒரு மீன் துள்ளும், அருவி தாண்டும், கொக்கிடமிருந்து தப்பி ஓடும்.

கெளுத்தி அதைப் பார்த்தாள். படுத்துக் கிடக்கும் மகள் நினைவுக்கு வந்தாள்.

"எவ்வளவு நேரம் ஓடும் அண்ணே?"

"ஒரு தடவை சார்ஜ் போட்டா பகல் முழுக்க ஓடும் அக்கா! சூரியன் எழுந்திரிக்கறப்போ ஆரம்பிச்சா, படுக்கப் போறப்போதான் இதுவும் படுக்கும்!"

"விலை?"

மினுக்கன் மீசையை நீவிக்கொண்டான். "உங்க வீட்ல இருக்கிற கருவாடு மொத்தமும்."

கெளுத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழை பிடித்துவிட்டால் ஓடை செம்மண்ணாகப் புரண்டு ஓடும். அதில் இறங்கி மீன் பிடிக்க முடியாது. கோடை முழுக்க வெயிலில் காயவைத்த அந்தக் கருவாடுதான் மழைக்காலச் சோறு.

"பாதி தர்றேன்!"

"பாதி விலைக்குப் பாதிப் பெட்டியா தர முடியும்? இன்னைக்கு இந்த விலை. நாளைக்கு ஏறிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது!"

கெளுத்தி பெருமூச்சு விட்டாள். 'மழைக்குள்ளே நத்தை, நண்டு எதையாவது தேடிக்கொள்ளலாம். பிள்ளை சிரித்தால் போதும்' என்று நினைத்தாள். கருவாட்டுக் கூடையை இழுத்துவந்து அவன் முன்னால் கவிழ்த்தாள்.

மறுநாள் காலை வளைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. எத்தனை நாளாயிற்று! "அம்மா, கொக்கு ஏமாந்துடுச்சு! அம்மா, அருவி தாண்டிட்டேன்!" கெளுத்தி வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வாங்கியது வீண் போகவில்லை என்று மனசு நிறைந்தது.

சூரியன் மூங்கில் புதரின் தலையைக்கூடத் தொடவில்லை. சிரிப்பு நின்றுபோனது.

உள்ளே போனாள். கண்ணாடி இருண்டு கிடந்தது. அயிரை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் உடைச்சிட்டேனாம்மா?"

அந்தக் கேள்வி கெளுத்தியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. "இல்லைடி கண்ணு" என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கவ்விக்கொண்டு தட்டைப் பாறைக்கு ஓடினாள்.

மினுக்கன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உச்சுக்கொட்டினான்.

"உங்க பொண்ணு ஈரக் கையோட பிடிச்சிருக்கு அக்கா. ஈரம் பட்டா பேட்டரி சீக்கிரம் இறங்கிடும். பெட்டி மேல தப்பில்லை!"

"நாங்க நீர்நாய்ங்க. எங்க கை ஈரமாத்தான் இருக்கும்!"

"அதுக்கு நான் என்ன பண்ண? பாறை உச்சியில என் சூரியத் தகடு இருக்கு. அதுல மாட்டி வெச்சா மறுபடி சார்ஜ் ஏறும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மீன் மட்டும் கொண்டாங்க."

சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். கெளுத்திக்கு முகம் சுண்டிவிட்டது. தன் வீட்டுத் தப்புதானோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. தலையைக் குனிந்தபடி திரும்பி நடந்தாள்.

வழியில் ஆலமரத்தடியில் சடையன் என்ற கரடி உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மறைத்தது பெட்டி என்று தெரிந்துவிட்டது.

"உங்களதும் நின்னுபோச்சா அண்ணே?"

சடையன் கூச்சத்தோடு தரையைப் பார்த்தார். "வெளியே சொல்லாதே தங்கச்சி. என் கை ரொம்பச் சூடாம். சூட்டுக் கையில பேட்டரி நிக்காதாம். ரெண்டு தேனடையைக் குடுத்து வாங்கினேன். என் கைராசி அப்படி!"

மேலே கிளையில் ஒரு விசும்பல் கேட்டது. நெடுவாலி என்ற கருமந்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள் மடியிலும் இருண்ட பெட்டி!

"நான் குதிச்சுக்கிட்டே ஆடுறேனாம்" என்றாள். "அதனாலதான் சீக்கிரம் நின்னுபோகுதாம். குரங்கு குதிக்காம வேற என்ன பண்ணும்?"

கெளுத்தி நின்றுவிட்டாள். கொஞ்சம் முன்பு வரை இருந்த வெட்கம் கோபமாகப் பற்றிக்கொண்டது.

"ஈரக் கை ஆகாது! சூட்டுக் கை ஆகாது! குதிக்கிற கை ஆகாது! இந்தக் காட்டுல வேற என்ன கை இருக்கு? யாரு கைக்காக இந்தப் பெட்டியைச் செஞ்சாங்களாம்? பொருள்ல குறையை வெச்சு வித்துட்டு, வாங்கினவங்க கையிலேயே குறை சொல்றானா? தானே உடைச்சிட்டோம்னு என் பொண்ணு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா! எந்திரிங்க அண்ணே! இறங்கி வா நெடுவாலி!"

"எல்லாரும் பார்ப்பாங்களே..." என்று சடையன் இழுத்தார்.

"பார்க்கட்டும்! ஏமாத்தினவன் நடுப் பாறையில காலை நீட்டி உட்கார்ந்திருக்கான். ஏமாந்தவங்க மரத்துக்குப் பின்னால ஒளியணுமா?"

மூவரும் தட்டைப் பாறைக்குப் போனார்கள். போகும் வழியில் புதர்களுக்குள்ளிருந்து முயல், கீரி, முள்ளம்பன்றி என்று ஒவ்வொருவராக வெளியே வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு இருண்ட பெட்டி.

மினுக்கன் எழுந்து நின்றான். அப்போதும் சிரிப்பு மாறவில்லை.

"பகல் முழுக்க ஓடும்னு சொன்னியா, இல்லையா?" என்று கேட்டாள் கெளுத்தி.

"சொன்னேன். ஓடுமே! கண்ணாடி வெளிச்சத்தை நல்லாக் குறைச்சு, சத்தத்தை அடைச்சு, ஆட்டம் எதுவும் ஆடாம வெச்சிருந்தா பகல் முழுக்க ஓடும்!"

"ஆடாம வெச்சிருந்தாலா?" கெளுத்தியின் குரல் பாறையில் மோதித் திரும்பியது. "ஆடாம வெக்கிறதுக்கா என் மழைக்காலச் சோத்தைக் குடுத்தேன்? ஆடாம வெக்க ஓடைக்கரையில கூழாங்கல் கிடக்கே! அதுக்கு விலையும் கிடையாது, சார்ஜும் வேண்டாம்!"

கூட்டம் சிரித்தது. மினுக்கன் சட்டென்று பின்னால் திரும்பி, துணியில் சுற்றிய புதிய பெட்டி ஒன்றை எடுத்தான். முன்னதைவிடப் பெரியது. பளபளவென்று மின்னியது.

"இதோ! பெரிய பேட்டரி! இது நிச்சயமா பகல் முழுக்க ஓடும்! விலை கொஞ்சம்தான் கூட. பழசுக்கு ரெண்டு மடங்கு. இன்னைக்கு மட்டும்!"

கூட்டத்தில் முணுமுணுப்பு அடங்கியது. கழுத்துகள் நீண்டன. நெடுவாலி ஓரடி முன்னால் வந்தாள்.

"ரெண்டு மடங்குன்னா... எத்தனை பலாப்பழம்?" என்றாள் மெல்ல.

"நெடுவாலி!" கெளுத்தி அவள் வாலைப் பிடித்து இழுத்தாள். "விழுந்த குழியிலிருந்து இன்னும் ஏறலை, அடுத்த குழிக்கு வழி கேக்குறியா?"

பிறகு மினுக்கனிடம் திரும்பினாள்.

"உன் கையில ஈரம் இல்லை. சூடு இல்லை. நீ குதிச்சுக்கிட்டே ஆடவும் மாட்டே. அந்தப் புதுப் பெட்டியில நீயே ஆடு. எங்க கண் முன்னால. பகல் முழுக்க ஓடினா, நான் இந்த ஓடையை விட்டே போயிடுறேன்!"

"எனக்கு வேலை இருக்கு அக்கா..."

சடையன் முன்னால் வந்தார். போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். மினுக்கன் பெட்டியைக் கையில் எடுத்தான்.

ஆட்டம் தொடங்கியது. கண்ணாடிக்குள் மீன் துள்ளியது. கொஞ்ச நேரத்தில் அவன் கட்டைவிரல் ஓரத்துப் பொத்தான் பக்கம் நைசாக நகர்ந்தது.

"வெளிச்சத்தைக் குறைக்கிறான்! குறைக்கிறான்!" என்று கத்தினாள் நெடுவாலி. இப்போது அவள் கண் பெட்டியின் பளபளப்பில் இல்லை. அவன் விரலில்தான் இருந்தது.

விரல் பின்வாங்கியது. பாறையின் நிழல் ஒரு முழம்கூட நகரவில்லை. மீன் பாதித் துள்ளலில் நின்றது. கண்ணாடி இருண்டது.

எல்லாரும் மினுக்கனைப் பார்த்தார்கள்.

"இன்னைக்கு மேகம்... காத்துலயும் ஈரம் ஜாஸ்தி..." என்று மினுக்கன் தொடங்கினான்.

சடையன் ஒரே ஓர் உறுமல் உறுமினார். மினுக்கன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"ஒரு சின்னப் பொழுதுதான் ஓடும்னு நேராச் சொல்லியிருந்தா, அந்தச் சின்னப் பொழுதுக்குத் தகுந்த விலையைக் கேட்டிருந்தா, நானே மனசார வாங்கியிருப்பேன்!" என்றாள் கெளுத்தி. "கொஞ்ச நேரச் சந்தோஷத்தை வித்துட்டு, ஒரு பகலுக்கு விலை வாங்கினே பாரு, அதுதான் திருட்டு!"

அன்றைக்கே கணக்குத் தீர்ந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் கூட்டமே நியாயமான விலையைச் சொன்னது. அதற்கு மேல் வாங்கியதை மினுக்கன் திருப்பிக் கொடுத்தாக வேண்டியிருந்தது. ஆனால் கெளுத்தியின் கருவாட்டில் ஒரு பங்கை அவன் முன்பே தின்றுவிட்டிருந்தான். அதற்கு ஈடாகச் சூரியத் தகட்டைப் பிடுங்கிப் பொதுவில் வைத்தார்கள். இனி யார் வேண்டுமானாலும் சும்மாவே சார்ஜ் போடலாம்.

தின்ற கருவாடு மட்டும் திரும்பவில்லை. அந்த மழையில் தாயும் மகளும் பல நாள் அரை வயிறாகக் கிடந்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் கெளுத்திக்குப் பல் கடிபடும்.

ஆனாலும் அன்றைக்கு அவள் முதலில் செய்தது, வளைக்கு ஓடி அயிரையின் முகத்தைப் பிடித்துத் தூக்கியதுதான்.

"நீ உடைக்கலைடி. அது அவ்வளவுதான் ஓடும். அவன்தான் பொய் சொன்னான்!"

அயிரை அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் உடைந்து வந்தது. கெளுத்தி அவளை மடியில் போட்டுக்கொண்டு அழவிட்டாள்.

மினுக்கன் மிச்சப் பெட்டிகளை மூட்டை கட்டிக்கொண்டு மலைக்கு அந்தப்பக்கக் காட்டுக்குக் கிளம்பினான். அவன் போய்ச் சேர்ந்தபோது அங்கே நீர்நாய்களும் கரடிகளும் குரங்குகளும் காத்துக்கொண்டிருந்தன. நெடுவாலியின் சொந்தக்காரர்கள் கிளை கிளையாகச் செய்தியை முன்பே சேர்த்துவிட்டார்கள்.

"வாங்க மினுக்கன் அண்ணே! முதல்ல நீங்க ஆடிக் காட்டுங்க!" என்றன எல்லாம் ஒரே குரலில்.

விற்றவன் தன் பொருளின் குறையை வாங்கியவர் தலையில் கட்டும்போது, வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால் ஒவ்வொருவரும் தனித்தனியே ஏமாறுவோம். வாய்திறந்து ஒன்றாகக் கேட்டால்தான் நியாயம் கிடைக்கும்.