கீரிக்கு முளைத்த முயல் காது

தாழங்குட்டைக் கரையில் செம்பன் என்ற கீரி இருந்தது. பக்கத்துப் புல்லில் பூவாத்தா என்ற முயல் இருந்தது. செம்பனுக்குக் கூரான பல் உண்டு, வேகமான கால் உண்டு, வசதியான வளையும் உண்டு. ஆனாலும் பூவாத்தாவின் காதை யாராவது புகழ்ந்தால் போதும், அதற்கு வயிறு எரியும்.

புகழாத நாள் ஏது? "நாய் தூரத்துல வரும்போதே பூவாத்தா சொல்லிட்டா! அந்தக் காது மட்டும் இல்லேன்னா இன்னிக்கு நம்ம கதி என்ன!" என்று காடை சொல்லும்.

"கேக்குறதை விடு, பார்க்கவே எவ்வளவு அழகு!" என்று மான் சொல்லும்.

செம்பன் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தது. தலையோடு ஒட்டிய இரண்டு சின்னக் காதுகள். இருப்பதே தெரியவில்லை. 'அவளுக்கு மட்டும் அவ்வளவு பெரிசு, எனக்கு இவ்வளவுதானா?' என்று பொருமியது. எலிக்கறிகூடக் கசந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

ஒரு நாள் காலையில் முள்ளம்பன்றி வைத்தியரிடம் போய் நின்றது. அந்தக் காட்டில் காது குத்துவது, காது வளர்ப்பது எல்லாம் அவர்தான். தன் முள்ளைப் பிடுங்கியே குத்துவார். ஓட்டையில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காதை இழுப்பார். போதுமான நீளம் வந்ததும் நாரால் தைத்து நிமிர்த்தியும் விடுவார்.

"வைத்தியரே! என் காதை முயல் காது மாதிரி ஆக்கிவிடுங்க!"

வைத்தியர் அதன் காதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "பாம்போட மல்லுக்கு நிக்கிற உனக்கு இந்தக் காதுதாம்ப்பா நல்லது. கடிக்க வந்தா பிடி கிடைக்காது. நான் இழுத்தா காதுதான் நீளும். கேக்குற சக்தி நீளாது!"

செம்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பூவாத்தாவைத் தவிர வேற யாருக்கும் நீளக் காது இருக்கக் கூடாது, அதானே? எனக்கே காது குத்துறீங்களா?"

"அதுக்குத்தானே நீ வந்திருக்கே!" என்றார் வைத்தியர்.

ஒரு மாதம் கல்லைத் தொங்கவிட்டுக்கொண்டு செம்பன் பட்ட பாடு கொஞ்சமல்ல. தையல் பிரித்த அன்று, இரண்டு நீளக் காதுகளோடு குட்டைக்கு வந்து நிமிர்ந்து நின்றது. காடை வாய் பிளந்தது. மான் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

பூவாத்தாதான் கிட்டே ஓடிவந்தது. "என்ன அண்ணே இது? வலிக்கலையா?"

"ஏன், பொறாமையா இருக்கா?" என்று கேட்டது செம்பன். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் அது ஒரு மாதம் காத்திருந்தது.

பூவாத்தாவின் காது சட்டென்று விறைத்தது. "அண்ணே! புல்லுக்குள்ள பாம்பு! என் குட்டிங்க!"

செம்பனுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் பூவாத்தா சொன்ன பக்கம் பாய்ந்து ஓடியது. மூன்று குட்டிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. எதிரே நல்லபாம்பு படம் எடுத்து நின்றது. செம்பன் எப்போதும்போல் தாவியது. எப்போதும் பாம்பின் கடி வழுக்கிக்கொண்டு போகும். அன்று நீளக் காது அதன் வாயில் வசமாகச் சிக்கியது!

செம்பன் உதறியது, புரண்டது, கதறியது. கடைசியில் காது கிழிந்த பிறகுதான் விடுபட்டது. அதற்குள் பூவாத்தா குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கொண்டுபோய்விட்டது.

பாம்பு ஒரு கீறல்கூட இல்லாமல் நிதானமாகத் திரும்பியது. "இனி உன்கிட்ட எனக்கென்ன பயம்? இன்னொரு காதுக்கு நாளைக்கு வரேன்!" என்று சொல்லிவிட்டுப் போனது.

அன்று மாலையே பூவாத்தா குட்டிகளோடு கிளம்பிவிட்டது.

"எங்கே போறே? நான் இருக்கேனே!" என்றது செம்பன்.

"நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் அண்ணே இந்தக் கரையில குட்டி போட்டேன். பாம்பு வர்றது எனக்குக் கேக்கும். கேட்டு என்ன செய்ய? ஓடத்தான் தெரியும். உன்னை மாதிரி எதிர்த்து நிக்க முடியலையேன்னு நான் எத்தனை நாள் பொறாமைப்பட்டிருக்கேன் தெரியுமா?"

செம்பன் கிழிந்த காதைப் பிடித்துக்கொண்டு விம்மியது. பூவாத்தா திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. பாம்புக்குப் பயந்து காடையும் போனது, மானும் போனது. குட்டைக் கரையில் செம்பன் தனியாக உட்கார்ந்திருந்தது.

அடுத்தவரிடம் இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர், அடுத்தவர் ஏங்கும்படி தம்மிடம் இருப்பதைத் தாமே கெடுத்துக்கொள்வார்.