பறப்போம் என்று சொன்ன ஆமைக்குஞ்சு

கருங்குன்றின் அடிவாரக் காட்டில் மிழலை என்றொரு மைனா இருந்தது. எந்த விலங்கின் குரலும் அதற்கு அத்துப்படி. அதனால் காட்டில் எந்தச் செய்தியைப் பரப்ப வேண்டுமென்றாலும் மிழலையைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த ஆண்டு கோடை கொளுத்தியது. மூங்கில்கள் உரசினாலே பொறி பறந்தது. போன கோடையில் தீ மூண்டபோது பெரிய விலங்குகள் எப்படியோ தப்பிவிட்டன. குட்டிகள் பல கருகிப்போயின. அந்தத் துக்கம் இன்னும் யாருக்கும் ஆறவில்லை.

காட்டின் தலைவியான யானை மிழலையை அழைத்தது.

"குட்டிகளுக்காக ஒரு மாநாடு கூட்டு! தீ வந்தால் எப்படிப் பிழைப்பது என்று ஒரு குட்டிகூட விடுபடாமல் கற்றுக்கொள்ள வேண்டும். பொறுப்பு உன்னுடையது!"

"ஆகட்டும் தாயே!" என்று கிளம்பிய மிழலையைப் பாதி வழியிலேயே குழப்பம் பிடித்துக்கொண்டது. எங்கே கூட்டுவது? எந்த நேரத்தில்? யார் சொல்லித் தருவது?

கழுகிடம் கேட்டது. "உச்சிப் பாறையில் கூட்டு! காலை வெயிலில் கூட்டு! நான் வந்து பேசுகிறேன்!" என்றது கழுகு.

மந்தியிடம் கேட்டது. "மரமேறத் தெரியாத பிள்ளைக்கு வேறு என்ன தெரிந்து என்ன பயன்? நான் ஏறிக் காட்டுகிறேன்!" என்றது மந்தி.

முயலோ, "வளைக்குள் புகுந்துகொண்டால் போதுமே! அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கும் நேரம் ஒதுக்கு!" என்றது.

யார் சொல்வதைத் தள்ளுவது? மிழலைக்குப் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, உச்சிப் பாறையிலேயே மாநாட்டைக் கூட்டியது.

கழுகு பேசியது. மந்தி ஏறிக் காட்டியது. முயல் குதித்துக் குதித்து விளக்கியது. கடைசியில் மறுபடியும் கழுகே எழுந்து, வானத்தின் அருமையைப் பற்றி முழங்கியது. அதைத் திருப்பிச் சொன்ன குட்டிகளுக்கு மந்தி அத்திப்பழம் கொடுத்தது. குட்டிகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன.

"புரிந்ததா?" என்று கேட்டது கழுகு.

"புரிந்தது!"

மிழலைக்கு மனம் குளிர்ந்தது. இருந்தாலும் ஒரு தடவை சோதித்துப் பார்க்க நினைத்தது. "எங்கே, சொல்லுங்கள் பார்ப்போம்! புகை வந்தால் என்ன செய்வீர்கள்?"

"பறப்போம்!" என்று எல்லாக் குட்டிகளும் ஒரே குரலில் கத்தின.

எல்லோரையும்விட உரக்கக் கத்தியது சிப்பி என்ற ஆமைக்குஞ்சு. விடியலில் கிளம்பிய அது, கூட்டம் முடியும் தறுவாயில்தான் பாறைக்கு வந்து சேர்ந்திருந்தது. பகலில் விழிக்க முடியாத ஆந்தைக்குஞ்சு, தூக்கத்திலேயே "பறப்போம்" என்று முனகியது.

கழுகு பூரித்துப்போனது. "பார்த்தாயா! என்ன அருமையான பிள்ளைகள்!"

மிழலையோ சிப்பியைத் தனியே அழைத்தது.

"ஏனடா செல்லம், உன்னால் பறக்க முடியுமா?"

"முடியாது அக்கா."

"பிறகு ஏன் அப்படிச் சொன்னாய்?"

"அப்படிச் சொன்னவர்களுக்கெல்லாம் மந்தி மாமா அத்திப்பழம் கொடுத்தாரே!"

"சரி, நிஜமாகவே புகை வந்தால் என்ன செய்வாய்?"

சிப்பி யோசித்தது. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. உள்ளே இருந்தபடியே, "தெரியவில்லை அக்கா. பயமாக இருக்கிறது" என்றது.



மறுநாள் மிழலை குட்டிகளைக் குளக்கரைக்கு வரச் சொன்னது. அங்கே ஏற்றம் இல்லை. ஆமைக்கும் எட்டும் இடம். நேரமும் அந்திப் பொழுது, ஆந்தைக்குஞ்சும் விழித்திருக்கும்.

"இன்று யாரும் பேசப்போவதில்லை. நான் 'புகை!' என்று கத்துவேன். உங்களுக்குத் தோன்றியதைச் செய்யுங்கள்!"

கத்தியதுதான் தாமதம், ஒரே களேபரம்! மான்குட்டி ஓடிப்போய் முள்ளம்பன்றிக்குட்டிமேல் மோதி அலறியது. குரங்குக்குட்டி மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுதது. சிப்பி நின்ற இடத்திலேயே நின்றது.

வேடிக்கை பார்த்த கழுகு சிரித்தது. "இதற்குப் பெயர் பாடமா? சந்தைக்கடை!"

மிழலை கூனிக் குறுகியது. உச்சிப் பாறைக்கே திரும்பிவிடலாமா? அப்போது மான்குட்டி காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "இன்னொரு தடவை!" என்றது.

"நீ குளத்துப் பக்கமாக ஓடு. அப்போது என் முள் குத்தாது" என்றது முள்ளம்பன்றிக்குட்டி.

"புகை எந்தப் பக்கம் வருகிறதென்று நான் மேலேயிருந்து சொல்கிறேன்" என்றது ஆந்தைக்குஞ்சு.

"நான் சேற்றுக்குள் புதைந்துகொள்ளட்டுமா?" என்று மெல்லக் கேட்டது சிப்பி. "ஆனால் கரைச் சேறு இறுகிக் கிடக்கிறதே!"

"நான் தோண்டித் தருகிறேன் வா!" என்றது முள்ளம்பன்றிக்குட்டி.

அன்றிலிருந்து தினமும் அந்தியில் இதே கூத்து. சண்டை போட்டன, மாற்றிப் பார்த்தன, மறுபடி ஓடின. இது பாடமா விளையாட்டா என்று மிழலைக்கே பிடிபடவில்லை.

ஒருநாள் உச்சி வெயிலில் தீ வந்தது!

புகையைக் கண்டதும் மிழலை திகைத்துப்போனது. எந்தக் குரலில் கத்துவது என்பதுகூட மறந்துபோயிற்று. குட்டிகள் அதற்காகக் காத்திருக்கவில்லை. மான்குட்டி மரத்தை முட்டி ஆந்தைக்குஞ்சை எழுப்பியது. கூசும் கண்ணோடு அது மேலேறி, "மேற்கே புகை! குளத்துக்கு ஓடுங்கள்!" என்று அலறியது. எல்லாம் குளத்துக்கு ஓடின. சிப்பியை முள்ளம்பன்றிக்குட்டி மூக்கால் உருட்டிக்கொண்டே போனது.

தீ அடங்கியது. கருகிய கரையில் மிழலை பதறிப் பதறித் தேடியது. தண்ணீரில் மான்குட்டி நின்றது. அதன் முதுகில் குரங்குக்குட்டி. பக்கத்தில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு முள்ளம்பன்றிக்குட்டி. ஆந்தைக்குஞ்சு அக்கரை மரத்தில் இருந்தது. சிப்பியைக் காணோம்!

முள்ளம்பன்றிக்குட்டி கரையேறி வந்து, சேற்றைத் தோண்டியது. உள்ளேயிருந்து சின்னத் தலை எட்டிப் பார்த்தது. மிழலை ஓவென்று அழுதுவிட்டது.

"எல்லாம் என் பேச்சின் பலன்!" என்றது கழுகு. "இல்லை, என் பாடம்!" என்றது மந்தி.

யானை இருவரையும் கவனிக்கவில்லை. "மிழலை, நீ என்னதான் சொல்லிக்கொடுத்தாய்?"

"எனக்கே சரியாகத் தெரியவில்லை தாயே! செய்து பாருங்கள் என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, நடுவில் எங்கேயோ கற்றுக்கொண்டார்கள்."

"அப்படியானால் இனி மாநாடு குளக்கரையில்தான்!" என்றது யானை. "கழுகாரே, நீரும் கீழே இறங்கி வந்து உட்காரும்!"

கற்பிப்பவர் தமக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கினால் தலையாட்டல்தான் மிஞ்சும். கற்பவருக்கு முடிந்ததிலிருந்து தொடங்கினால்தான் கல்வி உயிர் காக்கும்.