வீடு காட்டும் மீன்

“நீங்க விட்டா ஆராய்ச்சி. நான் விட்டா மட்டும் தப்புங்களா?”

நாச்சிமுத்து ஏரிக்கரைக் கொட்டகையின் வாசலில் நின்றபடியே கேட்டார். கேள்வி என்று பெயர்தான். வந்தது சண்டைக்கு.

உள்ளே ஜெசிந்தா தராசில் மீன் நிறுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எதைண்ணா விட்டீங்க?”

“ஆப்பிரிக்கக் கெளுத்திங்க. குரூப்புல போட்டோ போட்டிருந்தனே, பாத்திருப்பீங்க.”

“பாத்தேன்.”

“பாத்துட்டு ஒண்ணுஞ் சொல்லலீங்களே.”

“என்ன சொல்லணும்?”

அது நாச்சிமுத்துவுக்கும் தெரியவில்லை. ஜெசிந்தா திட்டியிருந்தால் பதிலுக்கு இவரும் நாலு வார்த்தை பேசிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

இந்தக் கதையில் சீடர் குருவைவிட வயதில் ரொம்பப் பெரியவர். தாடிகூடச் சீடருக்குத்தான்.

நாச்சிமுத்துவுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலோடு ஏரிக்கு வந்துவிடுவார். ஜெசிந்தா நாகர்கோவில் பக்கம். மீன்களைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கி, இந்த ஏரியில் ஆராய்ச்சி செய்ய வந்தவர். தன்னை யாருக்கும் குரு என்று அவர் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்லியிருக்க மாட்டேன்.

ஏரி ஒன்று, கட்சி இரண்டு. ஆராய்ச்சிக்காரர்களின் படகுச் சத்தத்தில் மீன் ஓடிவிடுகிறது என்று தூண்டில்காரர்களுக்குக் கோபம். தூண்டில் முள் மாட்டி வலை கிழிகிறது என்று ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கோபம். இரண்டு பேரும் ஒரே டீக்கடையில்தான் டீ குடித்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சண்டைக்கு நடுவில் கெளுத்தி கொழுத்தது.

யாரோ பண்ணையில் வளர்த்தது, எப்படியோ ஏரிக்கு வந்துவிட்டது. வாயில் அடங்குகிற எதையும் விழுங்கும். கெண்டை போனது. அயிரை போனது. விரால் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இந்த மழைக்கும் கெளுத்தி முட்டை போட்டுக் குஞ்சு பொரித்துவிட்டால் அதுவும் இருக்காது.

அதனால் கரையில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி கிடைத்தால் ஏரியில் திரும்ப விடாதீர்கள், கொட்டகையில் கொடுத்துவிடுங்கள். மஞ்சள் பட்டை குத்திய மீன் கிடைத்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

நாச்சிமுத்து பலகையைப் படித்திருந்தார். ஆனால் அவர் மீனைக் கொல்லாதவர். பிடிப்பார், போட்டோ எடுப்பார், விட்டுவிடுவார். விற்றதில்லை, தின்றதில்லை. கூட இருப்பவர்களும் “நாச்சிமுத்து அண்ணன் ஒரு உசுரைக் கொல்ல மாட்டாரு” என்பார்கள். அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஊரில் வேறு எதுவும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

“சினை மீனுங்க,” என்றார் இப்போது, குரலைத் தணித்து. “வயிறு பானையாட்டம் இருந்துச்சு. அதைப் போயி எப்படிங்க கொல்றது?”

ஜெசிந்தா தராசை அணைத்தார்.

“விட்டப்ப எப்படி இருந்துச்சு?”

“எனக்குங்களா?”

“உங்களுக்கு.”

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. “கோயிலுக்குப் போயிட்டு வந்தாப்பல இருந்துச்சுங்க.”

“சரி,” என்றார் ஜெசிந்தா. “நாளைக்குக் காலையில வாங்க. இன்னொண்ணு விடலாம்.”

சண்டை போட வந்தவர் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

மறுநாள் பச்சைத் தொட்டியில் ஒரு கெளுத்தி மயங்கிக் கிடந்தது. தண்ணீரில் லவங்க எண்ணெய் வாசம் அடித்தது.

“பிடிச்சுக்கோங்க,” என்றார் ஜெசிந்தா.

நாச்சிமுத்து பிடித்துக்கொண்டார். ஜெசிந்தா அதன் வயிற்றில் சிறிதாகக் கீறி, விரல் நுனி அளவுக்கு ஒரு கருவியை உள்ளே வைத்துத் தைத்தார். முதுகில் மஞ்சள் பட்டை குத்தினார். கீறும்போது நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். தைக்கும்போது திறந்துவிட்டார். தையல் அவ்வளவு நேர்த்தி.

மயக்கம் தெளிந்ததும் மீனைக் கரைக்குக் கொண்டுபோனார்கள்.

“விடுங்க.”

அவர் எப்போதும் விடுகிற மாதிரியே விட்டார். தண்ணீருக்குள் இரண்டு கையாலும் தாங்கி, அது தானாக வாலை அசைக்கும்வரை காத்திருந்து, “போயிட்டு வா ராசா” என்றார்.

மீன் போனது.

“இதை எதுக்குங்க மேடம் விடறோம்?”

ஜெசிந்தா அதற்குள் திரும்பிக் கொட்டகைப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார்.

“வீடு காட்டும்.”

“அதோட வீட்டையா?”

“எல்லாரோட வீட்டையும்.”

நாச்சிமுத்துவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. சாயங்காலம் டீக்கடையில் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அழகான பேச்சில் இதுதான் தொல்லை. ரசித்து முடிப்பதற்குள் அர்த்தம் கேட்க மறந்துவிடுகிறோம்.

*

அதன்பிறகு அவர் தூண்டிலைத் தொடவில்லை.

பட்டறையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்துவிடுவார். பழைய டிவி ஏரியல் மாதிரி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கரையோடு நடப்பார். மீனின் வயிற்றில் இருந்த கருவி டிக், டிக் என்று பேசும். ஏரியலின் ஒயர் ஒருநாள் விட்டுப்போனது. அவரே பற்ற வைத்தார். கருவி பேசிய இடத்தை ஜெசிந்தாவிடம் போய்ச் சொல்வார்.

“இன்னைக்கு மதகுகிட்ட இருக்குதுங்க. சவுக்கியமா இருக்குது.”

“குருவுக்குத் தட்சணை எல்லாம் குடுத்தாச்சா, சிஷ்யரே?” என்பார் ஹக்கீம் பாய். அவரும் தூண்டில்காரர்தான், ஆனால் சாப்பிடுகிற கட்சி. விரால் குழம்புக்கு உயிரை விடுகிறவர். இப்போதெல்லாம் கோழிக்குழம்புதான்.

“என் மீனு இன்னைக்கு மதகுகிட்ட இருக்குது பாய்.”

“உங்க மீனா? எப்பங்க வாங்குனீங்க?”

நாச்சிமுத்து சிரித்துக்கொள்வார். கிளம்பும் முன் யாரும் இல்லாத பக்கமாகப் போய், டிக் டிக் என்று கேட்கிற திசையைப் பார்த்து, “வரட்டுங்களா?” என்பார். இதையும் ஹக்கீம் பாய் பார்த்திருந்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

*

மழை வந்தது.

விடிய விடியக் கொட்டிவிட்டு ஓய்ந்தபோது ஏரி வடக்கே ஏறியிருந்தது. கோரைப்புல் மேடு முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது.

ஜெசிந்தா படகை எடுத்தார். நாச்சிமுத்து ஏரியலோடு முன்னால் உட்கார்ந்தார். துடுப்புக்கு ஆள் குறைந்ததால் ஹக்கீம் பாயும் ஏறிக்கொண்டார். வலைக்காரர்கள் பின்னால் பரிசலில் வந்தார்கள்.

“வடக்கே. இன்னுங் கொஞ்சம். கோரைக்குள்ள போங்க.” நாச்சிமுத்து ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். “இங்கதான்! என் மீனு இங்கதான் இருக்குது!”

இருந்தது. தனியாக இல்லை.

புல்லுக்கு நடுவே தண்ணீர் கொதிப்பது மாதிரி இருந்தது. கருப்பு முதுகுகள் ஒன்றின் மேல் ஒன்று புரண்டன. ஏரியின் கெளுத்தியெல்லாம் அங்கேதான் கூடியிருந்ததோ என்னவோ.

வலைக்காரர்கள் சுற்றி வளைத்தார்கள். எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். நாச்சிமுத்துவும் இழுத்தார். “காட்டிருச்சு பாத்தீங்களா, காட்டிருச்சு பாத்தீங்களா” என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். அவ்வளவு சந்தோஷம்.

கரையில் ஐஸ் போட்ட தொட்டிகள் இருந்தன. ஒவ்வொரு மீனாக அதற்குள் போனது. கொஞ்ச நேரம் அடிக்கும். பிறகு அடிக்காது.

நாச்சிமுத்துவின் சத்தம் குறைந்தது.

ஜெசிந்தா ஒரு பெரிய மீனை எடுத்துப் பலகையில் வைத்தார். அதன் வாலில் வெள்ளைத் தழும்பு ஒன்று இருந்தது.

“மேடம்.”

ஜெசிந்தா நிமிர்ந்தார்.

“இது நான் விட்டதுங்க. போட்டோவுலயும் இந்தத் தழும்பு இருந்துச்சு.”

“ம்.”

“சினையா இருந்துச்சே. வயிறு ஒட்டிக் கெடக்குது?”

ஜெசிந்தா மோவாயால் புல்லைக் காட்டினார்.

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். தண்ணீருக்கு அடியில் கோரைத் தாள்களில் கேழ்வரகு ஒட்டின மாதிரி முட்டைகள். ஒரு தாளை விலக்கினால் அடுத்த தாளில். கை எட்டின தூரம் வரைக்கும்.

“இத்தனையும் எத்தனை மீன் போட்டது?” என்று ஹக்கீம் பாய் கேட்டார்.

“இவ்வளவுக்கு ஒண்ணே போதும்,” என்றார் ஜெசிந்தா. மீனின் இரைப்பையைத் திறந்தார். அது அவருடைய வேலை, யாருக்கும் பாடம் நடத்துவதற்காகச் செய்யவில்லை.

உள்ளே சிவப்புச் சிவப்பாக விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் காவல் இருந்து கூட்டமாக மேய்க்கிற குஞ்சுகள்.

ஹக்கீம் பாய் நாச்சிமுத்துவைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். அந்த மரியாதைதான் இவரைக் கொன்றது.

காது சுட்டது. அந்தப் போட்டோவுக்குக் கீழே எத்தனை பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். “தெய்வம் அண்ணா நீங்க” என்று ஒருவன் எழுதியிருந்தான். அதைப் பட்டறைப் பையன்களிடம் காட்டினார். வீட்டில் காட்டினார். அப்போதெல்லாம் இந்த மீன் இப்படிக் குஞ்சுகளை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. எங்கேயாவது போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்றால் திறந்த கரை, ஒரு மரம்கூட இல்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

கோரையை முட்டையோடு பிடுங்கிக் கரையில் எறிந்தார். வெயில் ஏறியிருந்தது. எறிந்ததெல்லாம் காய ஆரம்பித்தது. மறுபடி பிடுங்கினார். கோரை கையை அறுத்தது. ஒரு உயிரைக் கொல்லாதவர் என்று பெயர் வாங்கியவர், கை நிறையக் கை நிறையக் கொன்று எறிந்துகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் தண்ணீர் அலம்பியது. ஜெசிந்தாவும் இறங்கிப் பிடுங்க ஆரம்பித்திருந்தார். பிறகு ஹக்கீம் பாய், பிறகு வலைக்காரர்கள்.

உச்சி வெயிலில் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. புல் இல்லை.

*

கடைசியில் ஒரு வாளி மிச்சம் இருந்தது.

ஜெசிந்தா அதை எடுத்துக்கொண்டு நாச்சிமுத்து நின்ற இடத்துக்கே வந்தார். உள்ளே மஞ்சள் பட்டை போட்ட கெளுத்தி சுற்றிச் சுற்றி வந்தது.

“இதையும் ஐஸ்ல போட்டுருங்க மேடம்,” என்றார் நாச்சிமுத்து.

ஹக்கீம் பாய் திரும்பிப் பார்த்தார்.

“இது திரும்பப் போகணும்ணா,” என்றார் ஜெசிந்தா. “இன்னும் மழை இருக்கு. மிச்சம் இருக்கிறது வேற எடத்துல கூடும். இதுவும் அங்க போகும்.”

“பின்னாலயே நாம போவோம்.”

“போவோம்.”

நாச்சிமுத்து கரையில் இருந்த தொட்டிகளைப் பார்த்தார். ஒன்றிலும் அசைவு இல்லை.

“இது மட்டும் எதுக்குங்க பொழைக்கோணும்? இதுக்குத் தெரிஞ்சா நாண்டுக்கிட்டுச் சாகும்.”

“மீனுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா.”

“எனக்குத் தெரியுதே அம்மிணி.”

அவர் இதுவரை ஜெசிந்தாவை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தார். மாறியது அவருக்கே தெரியவில்லை.

“தினமும் சாயங்காலம் வந்து இதோட பேசிட்டுப் போவேன்,” என்றார். “என் மீனுன்னு ஊரெல்லாம் சொன்னேன். எங்கெங்க போகுதுன்னு ஒவ்வொண்ணா வந்து உங்ககிட்டச் சொன்னதும் நாந்தான்.”

ஜெசிந்தா வாளியில் கைவிட்டு மீனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

நாச்சிமுத்து அதைத் தண்ணீருக்குள் இறக்கினார். அது வாலை அடித்துக்கொண்டுதான் இருந்தது, காத்திருக்க ஒன்றும் இல்லை. கையைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

திறக்கவில்லை.

“என்னால முடியலீங்க.”

“அப்ப ஐஸ்ல நீங்களே போட்டுடுங்க.”

அதையும் செய்யவில்லை. முழங்கால் தண்ணீரில், இரண்டு கையிலும் மீனை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை.

ஜெசிந்தா பக்கத்தில் நின்று தன் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கோரை அந்தக் கையையும் அறுத்திருந்தது.

“நீங்க எத்தனையோ விட்டிருப்பீங்க,” என்றார் நாச்சிமுத்து. குரலில் கொஞ்சம் குத்தலும் இருந்தது. “உங்களுக்குப் பழகியிருக்கும். எனக்கு எப்ப அம்மிணி பழகும்?”

ஜெசிந்தா கை கழுவுவதை நிறுத்தினார். மீனையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை.

“எனக்குப் பழகுன அன்னைக்கு, பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடுவேன்,” என்றார். “விடுங்கண்ணா.”