அவசரச் சாவி

கோயம்புத்தூரில் ஒரு கிரிப்டோ நாணயத்தை நடத்திவந்த அலுவலகத்தில் ஆராவமுதன் வைத்ததுதான் சட்டம். பல ஊர்க்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டும் நோடு மென்பொருள்தான் அந்த நாணயத்தின் கணக்கைக் காத்துவந்தது. அதில் அவர் புது விதி ஒன்றைச் சேர்த்தார். திருட்டு நடந்தால் யாருடைய பணத்தையும் நொடியில் முடக்க ஓர் அவசரச் சாவி. அது அவர் கையில் மட்டும் இருக்கும்.

மூத்த டெவலப்பர் குழந்தைவேலு மாதக்கணக்கில் எதிர்த்து வாதாடியும் அவர் அசையவில்லை. கடைசிக் கூட்டத்தில், சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பிலோமினாவை ஆராவமுதன் பார்த்தார்.

"இந்த விதிக்கு எழுதின புரோகிராம் கோடுல ஒரு ஓட்டை காட்டும்மா. சாயங்காலத்துக்குள்ள காட்டலேன்னா, பாதுகாப்பானதுன்னு நீயே கையெழுத்துப் போடணும்."

பிலோமினாவின் அண்ணன் கப்பல் வேலையில் சேர்த்த பணமெல்லாம் அந்த நாணயத்தில்தான் இருந்தது. சாயங்காலம் வரை படித்தாள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

"கோடு சுத்தமா இருக்கு சார்," என்றாள். குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார். "ஆனா எழுதினவங்களே சோதிக்கக் கூடாதுங்கறது நம்ம வழக்கம். ஒரு வாரம் சாவி குழந்தைவேலு சார்கிட்ட இருக்கட்டும். அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

"அவன்கிட்டயா?" ஆராவமுதன் எழுந்தேவிட்டார். "என்மேல இருக்கற கோபத்துல நாளைக்கே என் பணத்தை முடக்குவான். அவனை யாரால தடுக்க முடியும்?"

சொன்னது தன் காதிலேயே விழுந்தபின் அவர் மெல்ல உட்கார்ந்தார்.

பிலோமினா பிழை அறிக்கையைத் திறந்து, அவர் சொன்னதை அப்படியே தட்டினாள். பிழையைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஆராவமுதன் பெயரையே போட்டாள்.