எதிர்முள்

சகாயமேரியிடம் தூண்டில் பழக வந்தவர்களில் அவரைவிட வயதில் மூத்தவர்கள் பலர். மூன்று பெட்டி நிறையக் கருவிகளோடு வந்தவர் ஒருவர்தான்.

டாக்டர் மயிலேறும்பெருமாளுக்கு அறுபத்திரண்டு வயது. திருநெல்வேலியில் முப்பத்தொரு வருடம் கண் அறுவை செய்தவர். இப்போது குன்னூரில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார்.

சகாயமேரிக்கு முப்பத்தைந்து. ஏற்றுமதிக்குப் பொய்ப்பூச்சி கட்டும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். இப்போது எமரால்டு அணைக்குப் போகும் வழியில், தன் வீட்டிலேயே கற்றுக்கொடுத்தார். சின்னக் கொக்கியில் நூலும் சேவல் இறகும் சுற்றிக் கட்டுவதுதான் பொய்ப்பூச்சி. தண்ணீரில் விழுந்த நிஜப் பூச்சி என்று நம்பி ட்ரவுட் மீன் அதைக் கவ்வும்.

முதல் நாள் டாக்டர் மேஜை முழுவதும் கருவிகளைப் பரப்பினார். கொக்கியை அசையாமல் பிடித்துக்கொள்ளும் இடுக்கியில் மட்டுமே மூன்று வகை. நூல்கண்டு மாட்டும் பாபின் நான்கு. கத்தரிக்கோல் ஐந்து. பேர் தெரியாதவை மிச்சம்.

"இதுல எது எது வேணும் டீச்சர்?"

"இடுக்கி ஒண்ணு. பாபின் ஒண்ணு. கத்தரிக்கோல் ஒண்ணு."

"மத்ததெல்லாம்?"

"பெட்டியிலயே இருக்கட்டும். தூசி படாது."

டாக்டர் வெளியே போய், காரிலிருந்து தூண்டில் கோலை எடுத்துவந்து நீட்டினார். ஒன்பது அடி.

"எந்தத் தண்ணிக்கு வாங்கினீங்க?"

"கடையில இதுதான் நல்லதுன்னாங்க."

"நம்ம ஓடை ஆறடி அகலம். ரெண்டு பக்கமும் சோலை மரம். இதை வீசினா மரத்துலதான் மீன் பிடிக்கணும்."

சகாயமேரி தன்னுடைய ஆறரை அடிக் கோலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதன் பிடியில் இருந்த தக்கை பல இடங்களில் பெயர்ந்திருந்தது. டாக்டர் அதை வாங்கிக்கொண்டார்.

வெறும் கொக்கியில் நூல் சுற்றுவதுதான் பாடம். டாக்டரின் வலது கை நடுங்கியது. நூல் இறுகும் நேரத்தில் கை துள்ளும், நூல் அறுந்துபோகும். ஒரு வாரம் இப்படியே போனது. பாபினில்தான் கோளாறு என்று சொல்லி ஐந்தாவதாக ஒன்றை வரவழைத்தார். அதிலும் அறுந்தது.

"டீச்சர், நேராவே கேக்கேன். இந்தக் கைக்கு எந்தக் கருவி சரிப்படும்?"

சகாயமேரி ஓர் இறகைச் சுற்றி முடித்தார். பிறகு கேட்டார்.

"கைக்கு என்ன ஆச்சு?"

"நடுக்கம். எங்க அப்பாவுக்கும் இருந்தது. பெரிய வியாதி ஒண்ணும் இல்ல."

"எப்ப ஆரம்பிச்சது?"

டாக்டர் கத்தரிக்கோலைத் துடைத்து உறையில் போட்டார். "நாளைக்கு வாறேன்" என்று கிளம்பிவிட்டார்.

பதினாறாம் நாள் அவர் கையில் முழுதாக ஒரு பொய்ப்பூச்சி உருவானது. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இறகு தலைவிரி கோலமாக நின்றது. சகாயமேரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சனிக்கிழமை காலையில ஓடைக்கு வாங்க. இதையும் கொண்டு வாங்க."

அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு, ஜீப்பில் ஒன்றரை மணி நேரம் குலுங்கி, அதன்பின் கொஞ்சம் நடந்து ஓடைக்குப் போனார்கள். வெயில் இருந்தது. காற்றும் இருந்தது. டாக்டர் தான் கட்டிய பூச்சியைத் தூண்டில் நரம்பின் நுனியில் முடிந்தார். முடிவதற்கு ஆறு தடவை முயல வேண்டியிருந்தது.

முதல் இரண்டு வீச்சு தண்ணீரில் விழுந்தன. மூன்றாவது வீச்சில் காற்று திரும்பியது. பின்னால் போன நரம்பு பக்கவாட்டில் அடித்து வந்தது. பக்கத்தில் நின்ற சகாயமேரி "ஸ்" என்றார். அவ்வளவுதான். கையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

டாக்டர் கோலைப் போட்டுவிட்டு ஓடினார்.

"கையை எடுங்க. கசக்காதீங்க. மேல பாருங்க. கீழ பாருங்க. இப்ப என்னைப் பாருங்க. தெளிவா தெரியுதா?"

"தெரியுது."

இடது கண்ணின் கீழ் இமையில், மயிர் வரிசைக்கு ஓர் அரிசி நீளம் கீழே கொக்கி ஏறியிருந்தது. கண்ணில் படவில்லை. ஆனால் எதிர்முள் உள்ளே போயிருந்தது. கொக்கி முனைக்குப் பின்னால், மீன் நழுவாமல் இருக்க வைத்த சின்ன முள் அது. போன வழியே இழுத்தால் சதையைக் கிழிக்கும். சகாயமேரி தன் கொக்கிகளில் அதைக் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் கட்ட ஆரம்பிப்பார். இது டாக்டருடைய கொக்கி. அவர் நசுக்கவில்லை.

"நான் கண்ணாடி போட்டிருக்கணும்" என்றார் சகாயமேரி. "சரி, எடுத்துடுங்க."

"ஊட்டிக்குப் போயிடுவோம். நல்ல டாக்டர் இருப்பாங்க."

"நீங்க கண் டாக்டர்தானே?"

"என் கையைப் பாத்தீங்கல்ல."

"ஜீப் குலுங்கின குலுக்கலையும் பாத்தேன். அதுக்கு உங்க கை எவ்வளவோ மேல்."

டாக்டர் நரம்பை வெட்டிவிட்டு, பையிலிருந்து மருந்தும் குறடும் எடுத்தார். கைகளைக் கழுவி மருந்து தடவினார். குறட்டின் முனையையும் துடைத்துக்கொண்டார். சகாயமேரி முன் மண்டியிட்டு, அதை இமைக்கு அருகே கொண்டுபோனார். அதன் முனை காற்றில் ஆடியது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மறுபடி கொண்டுபோனார். இன்னும் அதிகமாக ஆடியது.

"முடியல டீச்சர்."

"உக்காந்திருக்கிறது உங்களுக்குத் தோதா இல்லையோ?" சகாயமேரி மழைக்கோட்டை மடித்துப் புல்லில் வைத்து, அதன்மேல் தலை சாய்த்துப் படுத்தார். கண்களை மூடிக்கொண்டார்.

டாக்டர் எழுந்தார். பிறகு சுற்றி நடந்துபோய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தார். கண் அறுவையின்போது முப்பத்தொரு வருடம் அவர் உட்கார்ந்த இடம் அது. யாரும் சொல்லாமலே இடது கை சகாயமேரியின் நெற்றியில் அமர்ந்தது. வலது கையின் விளிம்பு கன்னத்து எலும்பில் படிந்தது.

"பயப்படாதீங்க. ஒரு தடவைதான் வலிக்கும்."

கொக்கியை வந்த வழியே இழுக்காமல் முன்னே தள்ளினார். முனை தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. எதிர்முள்ளும் வந்தது. குறட்டால் அதை நசுக்கினார். வழுவழுப்பான கம்பியாகிவிட்ட கொக்கியைப் பின்பக்கமாக உருவினார். ஒரு சொட்டு ரத்தம். துணியை வைத்து அழுத்தினார்.

"முடிஞ்சுது" என்றார்.

சகாயமேரி எழுந்து உட்கார்ந்தார். டாக்டர் எழுந்திருக்கவில்லை. அவர் முகம் வேர்த்திருந்தது.

"கடைசியா ஒருத்தருக்கு ஆபரேஷன் செஞ்சேன்" என்றார். "இசக்கியப்பன்னு பேரு. சைக்கிள் கடை வச்சிருந்தார். பாதியில கை துள்ளிச்சு. ஜூனியர் நஸ்ரினைக் கூப்பிட்டு என் இடத்துல உக்கார வச்சுட்டு நான் வெளிய வந்துட்டேன். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகல."

"அவருக்குக் கண் தெரியுதா?"

"தெரியாது."

"தெரியலையா?"

"எனக்குத் தெரியாதுங்கேன். நான் கேக்கல."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம், நாலு மாசம்."

சகாயமேரி துணியை இமையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோலை எடுத்து மடக்கினார். மேட்டைக் காட்டினார்.

"அந்தப் பாறைகிட்ட சிக்னல் கிடைக்கும்."

இருவரும் பாறை வரை ஏறினார்கள். டாக்டர் ஃபோனை எடுத்துப் பெயரைத் தேடினார். விரல் வேறு எங்கோ பட்டது. மறுபடி தேடினார்.

"நஸ்ரின், நான் மயிலேறும்பெருமாள் பேசுதேன்."

"சார். நாலு தடவை கூப்பிட்டேன் சார். நீங்க எடுக்கவே இல்ல."

"இசக்கியப்பன் கண்ணு..."

"அவருக்கென்ன சார். நல்லா இருக்கார். லென்ஸ் அன்னைக்கே வச்சு முடிச்சுட்டேன். போன மாசம்தான் அடுத்த கண்ணுக்கு வந்தார். உங்ககிட்டதான் செஞ்சுக்குவேன்னு அடம்பிடிச்சார்."

டாக்டர் பாறையில் சாய்ந்தார்.

"என்கிட்டயா? ஏன்?"

"அன்னைக்குப் பயப்படாதீங்க அண்ணாச்சின்னு சொன்னீங்களாம். அதுக்கப்புறம் உங்க குரலே கேக்கலையாம். 'டாக்டருக்குத்தான் உடம்புக்கு என்னமோ ஆயிட்டு, நல்லாயிட்டாரா'ன்னு ஒவ்வொரு தடவையும் கேக்கார் சார். என்ன சொல்லட்டும்?"

டாக்டர் வாயைத் திறந்தார். சிரிப்புதான் முதலில் வந்தது, பிறகு கண் நிறைந்தது. சகாயமேரி திரும்பி நின்று ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாயிருக்கேன்னு சொல்லு" என்றார் கடைசியில். "அடுத்த வாரம் நானே வந்து பாக்கேன்னு சொல்லு."

ஃபோனைப் பையில் வைத்தார். மூச்சை இழுத்து விட்டார். பசிக்கிறது என்றார். சகாயமேரி கொண்டுவந்திருந்த ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார். இருவரும் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டாக்டர் இரண்டாவது ரொட்டியும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இறங்கினதும் ஒரு டி.டி. ஊசி போட்டுடணும் உங்களுக்கு."

"சரி."

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

டாக்டர் தன் வலது கையை முன்னால் நீட்டிப் பார்த்தார். அது எப்போதும்போல நடுங்கியது.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். உங்க முகத்துல வச்சப்ப இந்தக் கை நடுங்காம இருந்ததா?"

"இல்லையே. நடுங்கிட்டுதான் இருந்தது."

"பின்ன எப்படிக் கிழிக்காம வந்தது?"

சகாயமேரி கையில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டார்.

"உங்க கை ஆடினப்ப என் முகமும் கூடவே ஆடிச்சு டாக்டர். ரெண்டும் சேர்ந்து ஆடினா, கொக்கிக்கு எப்படித் தெரியும்?"