தேன்நெல்லிக்கு அடங்காத புகை

மலையடிவாரத்து மடத்தின் தலைவி திலகவதி அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர்களில் மூத்தவரான ஏகாம்பரத்துக்கு அறுபத்து நாலு. கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து ஓய்வு பெற்ற ஆய்வாளர் அவர். அடுத்தவர் தராசில் அரை கிராம் குறைந்தாலும் குதித்துவிடுவார். தன் இலையில் விழும் சர்க்கரைப் பொங்கலுக்கு மட்டும் அவரிடம் தராசு கிடையாது. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை நோய் இருந்தும், பிரசாதம் ரத்தத்தில் ஏறாது என்பதே அவர் கட்சி.

ஒருநாள் காலை மருத்துவமனையிலிருந்து தொங்கிய முகத்தோடு வந்து சேர்ந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாருங்க ஐயா?" என்று கேட்டார் அம்மா.

"சிறுநீர்ல புரதம் ஒழுகுதும்மா. மூணு மாசத்துக்கு முன்னால பார்த்ததைவிட இப்ப அதிகம். சர்க்கரை எக்கச்சக்கமா ஏறினா, கிட்னிக்குள்ள அது எரியறப்ப கெட்ட கழிவு கிளம்புதாம். உடம்பு அடக்கிப் பார்த்து முடியாமப் போனா, அது வடிகட்டியையே அரிச்சுடுதாம். ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு பேரு."

தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"என் தம்பி வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ்ல கிடக்கிறான். எனக்கும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கும்மா."

பாவம், மனுஷர் உண்மையிலேயே நடுங்கிப்போயிருந்தார்.

"வேற என்ன சொன்னாரு?"

"மாத்திரையை விடாம போடு, இனிப்பை விடு. வழக்கமா சொல்றதுதான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்தது. ஜோல்னாப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

"நான் சும்மா இருப்பேனா? அந்தக் கழிவை அடக்கற சத்து நெல்லிக்காயில நிறைய இருக்காம். பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். போன தடவை டாக்டர் சொன்னதிலேர்ந்து காலையில நாலு, சாயங்காலம் நாலு. ஒருநாள் தவறினதில்லை. அப்படியும் ஏம்மா குறைய மாட்டேங்குது?"

பாட்டிலுக்குள் நெல்லிக்காய்கள் கழுத்துவரை தேனில் மிதந்துகொண்டிருந்தன.

அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் அடுப்படிக்கு வாங்க" என்று எழுந்தார்.

விறகடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு பனையோலை விசிறியை அவர் கையில் கொடுத்தார்.

"பால்ல புகை வாடை ஏறக்கூடாது. வர்ற புகையை விசிறி வெளியே தள்ளுங்க."

ஏகாம்பரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து விசிறினார். அம்மா அடுப்பில் ஒரு கட்டையைச் செருகினார். பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு. அடுப்பின் வாய் அடைபட்டது. தீ அமுங்கிப் புகை சுருள் சுருளாக எழுந்தது.

"வேகமா விசிறுங்க ஐயா."

"விசிறிக்கிட்டுத்தானே இருக்கேன்! இதைவிடப் பெரிய விசிறி ஏதாவது இருக்கா?"

இருந்தது. அம்மா அதையும் கொடுத்தார். கூடவே மூன்று கட்டைகளைத் திணித்தார்.

இரண்டு கையிலும் விசிறியோடு ஏகாம்பரம் பேயாட்டம் ஆடினார். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர் கொட்டியது. திருநீற்றின் மேல் கரி படிந்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த கட்டைக்குக் கை நீட்டினார்.

அறுபத்து நாலு வருஷப் பொறுமை அங்கே அறுந்தது. குருவாவது, சீடனாவது!

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று கத்தினார் ஏகாம்பரம். "நீங்க பாட்டுக்குத் திணிச்சுக்கிட்டே இருந்தா, நான் எத்தனை விசிறி வெச்சு விசிறினாத்தான் என்ன? முதல்ல அந்தக் கையை நிறுத்துங்க!"

அம்மா கையை நிறுத்தினார். கட்டையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கிட்னிக்கு வாய் இல்லீங்க ஐயா. இருந்திருந்தா எப்பவோ உங்களைப் பார்த்து இப்படிக் கத்தியிருக்கும்."