விளக்குமாற்றில் பூத்த பூ

அனல்பாறைக் காட்டில் சடையன் என்றொரு கரடி வாழ்ந்தான். அவன் குகை வாசலில் ஒரு மருதமரம். மரக்கிளையில் ஒரு பெரிய தேன்கூடு. தேனீக்கள் கூட்டின் ஒரு ஓரத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தன. பதிலுக்குத் தேன் திருட வருபவர்களை அவன் விரட்டினான்.

அந்தக் காட்டுச் சித்திரை வெயிலைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். காக்கை இட்ட முட்டை கூட்டிலேயே அவிந்துவிடும். ஓணான் தன் நிழலையே தூக்கித் தலையில் போர்த்திக்கொண்டு ஓடும். குளத்து மீன் கரையேறி, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று வீடுவீடாய்க் கேட்கும்.

"போன கோடையிலயே பூ இல்லாமத் தவிச்சுப்போனோம். இந்தக் கோடையில உன் வாசல்ல பூ இருந்தா இருப்போம். இல்லேன்னா மலை தாண்டிப் போயிருவோம்" என்று தேனீக்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டன.

எனவே தை மாதத்திலேயே சடையன் தோட்டம் போடக் கிளம்பினான். மேல்மலையிலிருந்து கோணவாய்க் குரங்கு ரோஜாவும் டேலியாவும் சுமந்து வந்தது.

"அண்ணாச்சி, நிறத்தைப் பாருங்க! கண்ணு கூசுதா இல்லையா?"

"கூசுது, கூசுது! வெயில் தாங்குமா?"

"வெயிலா? எங்க இருக்கு வெயில்?" என்று குரங்கு வானத்தைக் காட்டியது.

சடையன் அண்ணாந்து பார்த்தான். எங்கும் பனி. உண்மைதான், வெயிலையே காணோம்! மகிழ்ந்துபோய் அத்தனையும் வாங்கி நட்டான்.

சித்திரை வந்தது. டேலியா பிழிந்து போட்ட கோவணம்போலத் தொங்கியது. ரோஜா வெறும் முள்ளாய் நின்றது. சடையன் மடுவிலிருந்து குடம்குடமாய்த் தண்ணீர் சுமந்தான். வாசலுக்கு வருவதற்குள் அது வெந்நீராகிவிட்டது.

வேவு பார்க்கும் தேனீ மினுக்கி பறந்து வந்தாள்.

"என்னண்ணே, பூவையே காணோம்? நாளைக் காலையில திரும்ப வருவேன். பூவைப் பார்த்துட்டுப் போய்க் கூட்டுல ஆடினேன்னா, எல்லாரும் இருப்போம். ஆடலேன்னா கிளம்பிருவோம். அதுதான் எங்க வழக்கம்!"

குகைக்குள்ளிருந்து மனைவி சடைச்சியின் குரல் வந்தது.

"தேனீ போனா தேன் போச்சு! தேன் போனா நானும் பிள்ளையும் எங்கம்மா குகைக்குப் போறோம்! கேட்டுச்சாய்யா?"

கேட்டது. நன்றாகவே கேட்டது. சடையன் பூத் தேடி ஓடினான்.

குகைக்குப் பின்னால், பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்மேடு உண்டு. வெயிலுக்குப் பயந்து யாரும், தேனீக்கள்கூட, அங்கே போவதில்லை. சடையன் பாதம் வெந்து குதித்துக்கொண்டே ஏறினான். பார்த்தால் அங்கே நித்திய கல்யாணி சிரித்துக்கொண்டிருந்தது! பத்துமணிப்பூ சிவப்பும் மஞ்சளுமாய்ப் படர்ந்து கிடந்தது. ஆவாரை பொன்னாய்ப் பூத்திருந்தது. கை கொள்ளாமல் பறித்துக்கொண்டான்.

விடிந்ததும் கருவேல முள்ளால் பூக்களைக் காய்ந்த செடிகளில் குத்தி நிறுத்தினான். மினுக்கி வந்தாள். சுற்றிச்சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணே, ரோஜாச் செடியில நித்திய கல்யாணி பூத்திருக்கே?"

"அது… ஒட்டு ரகம் தாயி!"

"டேலியாவுல ஆவாரம்பூ?"

"அதுவும் ஒட்டுதான்!"

"சரிதான். சுவத்துல சாத்தியிருக்கிற விளக்குமாத்துலயும் பூத்திருக்கே, அது?"

அவசரத்தில் அதிலும் குத்திவிட்டிருந்தான். சடையன் தொப்பென்று தரையில் உட்கார்ந்து அழுதான். சடைச்சி துணிமூட்டையைக் கட்டத் தொடங்கினாள்.

"அழாதண்ணே! இந்தப் பூவையெல்லாம் எங்க பறிச்ச?"

"பின்னால… கல்மேட்டுல."

"அந்த அனலுக்குள்ளயா? தண்ணி யாரு ஊத்தினா?"

"யாரும் ஊத்தலை."

மினுக்கி சிரித்துச் சிரித்து மரத்தில் மோதிக்கொண்டாள்.

"அட மக்குக் கரடி! தண்ணியில்லாமத் தீயில பூக்கிற செடியைக் கால் வெந்து கண்டுபிடிச்சிருக்க. செடியை விட்டுட்டுப் பூவை மட்டும் கொண்டாந்து விளக்குமாத்துல சொருகியிருக்கியே!"

சடையன் வாய்பிளந்து தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அந்தச் சத்தத்தில் அடுத்த காட்டு யானை இடி என்று நினைத்துக் குடை தேடியது.

"அப்ப உங்க கூட்டம்?"

"கல்மேடு எங்க றெக்கைக்கு ஒரு தூரமா? இந்தக் கோடைக்கு அது போதும். நான் போய் ஆடுறேன். வாசல் உன் பாடு!"

அன்று மினுக்கி ஆடிய ஆட்டத்தில் மருதமரமே குலுங்கியது. ஒரு தேனீகூடக் கிளம்பவில்லை. சடைச்சி மூட்டையை அவிழ்த்தாள்.

"போய்த் தொலையுது. சாப்பிட வாய்யா" என்றாள்.

கோடைமழை விழுந்ததும் சடையன் பத்துமணிப்பூவை ஒடித்து வந்து ஊன்றினான். நித்திய கல்யாணி நாற்றுகளை வரிசையாய் வைத்தான். வேலியோரம் காகிதப்பூ படரவிட்டான். "அதுல எங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. உன் கண்ணுக்கு வச்சுக்கோ!" என்றாள் மினுக்கி.

மறு தையில் குரங்கு மறுபடி வந்தது.

"அண்ணாச்சி, ஊதா நிறத்துல ஒரு பூ! பார்த்தா மயங்கிருவீங்க!"

"இப்ப மயங்க நேரமில்லை. சித்திரை உச்சி வெயில்ல இதே செடியோட வா. அப்பவும் அது சிரிச்சா வாங்கிக்கிறேன்!"

குரங்கு வந்த வழியே போயிற்று. சித்திரையில் வரவே இல்லை.

பனிக்காலத்தில் சிரிப்பதைக் கண்டு மயங்காதே, கடுங்கோடையிலும் வாடாமல் நிற்பதையே உன் வாசலுக்குத் தேர்ந்தெடு!